தினமும் ஓடும் காரின் பேட்டரி

மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்தார். 12.1 வோல்ட்.

"பேட்டரி கெட்டுப்போகல சார், பட்டினி கிடக்கு" என்றார் அண்ணனிடம்.

இரவு முழுக்க ஓய்வில் நின்ற காரில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12.1 என்றால் பாதிக்கும் குறைவான சார்ஜ்.

இத்தனைக்கும் அண்ணன் தினமும் கார் எடுப்பவர். ஆனால் எல்லாமே பத்து நிமிடத் தூரம்.

ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் நூறு ஆம்பியருக்கு மேல் எடுக்கிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் அதைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் ஏசியும் ஹெட்லைட்டும் பங்குக்கு வந்துவிடுகின்றன. காரில் இருக்கும் லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரியை அவசரப்படுத்தவும் முடியாது. கடைசிப் பகுதி நிரம்ப மணிக்கணக்காகும்.

நிற்கும்போதும் செலவு உண்டு. அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லியாம்பியர்தான் என்றாலும், ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் மணி போய்விடும்.

இப்படி அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் என்ன சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது.

காலையில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவார்கள் சிலர். பெட்ரோல்தான் போகும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவது கொஞ்சம்தான்.

வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டலாம். நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால், நிரம்பியதும் தானே அடங்கும் சார்ஜர் இன்னும் மேல். என் ஓட்டு அதற்குத்தான்.

காரில் வைத்த டேஷ்கேம் கேமரா ராத்திரியெல்லாம் பார்க்கிங் மோடில் ஓடுகிறதா? முதலில் அதை அணையுங்கள்.