பார்பீ காணும் கனவுகள்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

பிப்ரவரி 3

ஜாக் வில்லியம்சன் எழுதிய ‘டார்க்கர் தேன் யூ திங்க்’ நாவலை இன்று தொடங்கினேன். 1940 டிசம்பரில் ‘அன்னோன்’ என்னும் அமெரிக்க இதழில் குறுநாவலாக வெளிவந்து, 1948இல் விரிவாக்கப்பட்டுப் புத்தகமான கதை இது. உருமாறிகளைப் பற்றிய மர்ம நாவல் என்பதைத் தாண்டி எதையும் தெரிந்துகொள்ளாமலே உட்கார்ந்தேன். இந்தக் குறிப்புகளில் முடிவையும் சொல்லப் போகிறேன். சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச வழியில்லை.

கதை ஒரு விமான நிலையத்தில் தொடங்குகிறது. மங்கோலியாவில் அகழாய்வு செய்துவிட்டுப் பூட்டிய மரப்பெட்டி ஒன்றுடன் திரும்பும் பேராசிரியர் மாண்ட்ரிக், மனிதகுலத்துக்கே ஓர் எச்சரிக்கை விடுக்கப் போவதாகச் சொல்லி வாயெடுத்தவுடன், மூச்சுத் திணறி எல்லோர் கண்முன்னும் இறந்துபோகிறார். செய்தி சேகரிக்க வந்திருந்த நிருபன் வில் பார்பீ, ஒரு காலத்தில் அவரிடம் படித்தவன். அவனருகில் நின்றிருந்த ஏப்ரல் பெல் என்ற பெண்ணின் பையில் சற்று முன்புவரை ஒரு கறுப்புப் பூனைக்குட்டி இருந்தது. சிறிது நேரத்தில் பார்பீ அதைக் குப்பைத் தொட்டியில் காண்கிறான். கழுத்தில் கட்டியிருந்த சிவப்பு நாடாவாலேயே அது நெரிக்கப்பட்டிருக்கிறது. அதன் நெஞ்சில், ஓடும் ஓநாயின் வடிவம் செதுக்கிய ஊசி ஒன்று குத்தியிருக்கிறது.

மாண்ட்ரிக்குக்குப் பூனை என்றால் ஒவ்வாமை, ஆஸ்துமாவும் உண்டு. ஆக, ஒரே பூனைக்குட்டியைக் கொண்டு இரண்டு கொலை முறைகளை ஆசிரியர் நம் முன் வைத்துவிடுகிறார். பூனையின் ரோமம் மூச்சை அடைத்தது என்று மருத்துவம் சொல்லும். பூனையை நெரித்தபோது மனிதரின் மூச்சும் நின்றது என்று சூனியம் சொல்லும். இரண்டுமே கச்சிதமாகப் பொருந்துகின்றன.

பிப்ரவரி 5

மாண்ட்ரிக்குடன் சென்று திரும்பிய மூன்று இளைஞர்கள் பெட்டியைத் திறக்காமல் காவல் காக்கிறார்கள். இந்த இடத்தில் வாசக மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடும்: இவர்களில் ஒருவன்தான் ஓநாய், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி முகமூடியைக் கிழிப்பார்கள். நானும் மூவரையும் சந்தேகப் பட்டியலில் வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 6

அந்தப் பட்டியலுக்கு இனி வேலையில்லை. பார்பீ தூங்கப் போகிறான். ஏப்ரல் அவனைக் கூப்பிடும் குரல் கேட்கிறது. அவன் ஓநாயாக எழுந்து ஓடுகிறான். வெள்ளை ஓநாயாக வரும் அவளுடன் இரவெல்லாம் திரியும்போது அவனுக்கு உண்டாகும் ஆனந்தத்தை வில்லியம்சன் வருணித்திருக்கும் விதம் அலாதியானது. மனிதக் கண் காணாத நிறங்களும் மனித மூக்கு அறியாத வாசனைகளுமாக அந்தப் பக்கங்கள் பொங்கி வழிகின்றன. விடிந்தவுடன் எல்லாம் கனவாகிவிடுகிறது. ஆனால் கனவில் அவன் எங்கே போனானோ அங்கே, மறுநாள் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே கேடு நேர்ந்திருக்கிறது.

இங்கே ஓநாயாவது உடல் அன்று. உடல் கட்டிலிலேயே கிடக்க, மனம் மட்டும் வெளியேறி வேறொரு வடிவத்தைத் திரட்டிக்கொள்கிறது. திருமூலர் மூலனின் உடலுக்குள் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. நம்முடைய கூடு விட்டுக் கூடு பாய்தலுக்குத்தான் இந்த நாவல் நெருங்கி நிற்கிறது. முழுநிலவு வேண்டியதில்லை, ஓநாய் கடித்ததால் ஓநாயாகும் தொற்றும் இல்லை. வெள்ளி மட்டும் ஆகாது. பகல் வெளிச்சமும் ஆகாது. ஓநாய் மனிதக் கதைகளுக்கு இன்றுள்ள சட்டதிட்டங்களில் பலவற்றைப் பரப்பிய ‘தி உல்ஃப் மேன்’ திரைப்படம் 1941 டிசம்பரில்தான் வந்தது. இந்தக் குறுநாவல் அதற்கு ஓராண்டு மூத்தது.

பிப்ரவரி 9

அறிவியல் விளக்கம் வரும் பகுதியைப் படித்தேன். அணுக்களின் இயக்கம் நிகழ்தகவைச் சார்ந்தது. அந்த நிகழ்தகவைச் சற்றே சாய்க்கும் திறன் மனத்துக்கு இருந்தால், சுவரில் கதவும் திறக்கும், பிரேக் பிடிக்காத காரும் உருளும் என்பது வாதம். 1930களில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன், 25 சீட்டுகளைக் கொண்ட கட்டை வைத்து நடத்திய புலன்கடந்த அறிவுச் சோதனைகள் அப்போது பெரிதும் பேசப்பட்டவை. மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பகுதி நீளம். பாத்திரங்கள் வகுப்பெடுப்பதுபோல் பேசுகிறார்கள். வேகமாகக் கடந்து வந்தேன்.

பிப்ரவரி 10

மாண்ட்ரிக்கின் மனைவி ரொவீனா என் மனத்தை விட்டு அகல மறுக்கிறார். ஆப்பிரிக்காவில் ஒரு கருஞ்சிறுத்தை அவருடைய கண்களைப் பறித்துவிட்டது. உடலெங்கும் பழைய வெள்ளி நகைகளை அணிந்திருக்கிறார். துணைக்கு ஒரு பெரிய நாய். கதையில் பார்வையற்றவர் அவர் ஒருவரே. உண்மையைத் தெளிவாகக் காண்பவரும் அவரே. இரவில் வாசலுக்கு வரும் ஓநாயை நோக்கி அவர் பார்பீயின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். துப்பறியும் கதையில் குற்றவாளியின் பெயரை உரக்கச் சொல்லும் அந்தத் தருணம், இங்கே புத்தகத்தின் நடுப்பகுதிக்கு முன்னதாகவே, யாரும் பொருட்படுத்தாத ஒரு குரலில் வந்துபோய்விடுகிறது. கணவனை இழந்த துயரத்தில் அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். நாவலின் மிகக் கொடுமையான பகுதி எனக்கு அந்த இரக்கம்தான்.

பிப்ரவரி 12

கனவுகள் தாங்காமல் பார்பீ டாக்டர் க்ளென்னின் மனநல விடுதியில் சேர்கிறான். எல்லாவற்றையும் குற்ற உணர்வு என்றும், அடக்கிவைத்த ஆசை என்றும் மருத்துவர் நிதானமாக விளக்குகிறார். வில்லியம்சன் தாமே 1930களில் டொபீகாவின் மென்னிங்கர் மருத்துவ நிலையத்தில் உளப்பகுப்பாய்வு செய்துகொண்டவர். அந்த அறையின் பேச்சு எப்படி ஒலிக்கும், எங்கே ஆறுதல் தரும், எங்கே நோயாளி நழுவுவான் என்பதெல்லாம் இந்த உரையாடல்களில் நேரில் கேட்பதுபோல் இருக்கின்றன. ஆகவே க்ளென்னின் விளக்கத்தை நம்ப எனக்கு மிகுந்த விருப்பமிருந்தது. அவரும் உருமாறிகளின் குலத்தைச் சேர்ந்தவர்தான் என்று பின்னால் தெரியவரும்போது, பேயில்லை என்று உலகத்தை நம்பவைப்பதே அந்தக் குலத்தின் மிகப் பழைய தந்திரம் என்பது விளங்குகிறது.

பிப்ரவரி 14

படித்து முடித்துவிட்டேன்.

ரொனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். வாசகர் யாருடைய எண்ணங்களைப் பின்தொடர அனுமதிக்கப்படுகிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கலாகாது. இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளுக்கு இடமில்லை. துப்பறிபவரே குற்றம் புரியலாகாது. வில்லியம்சன் இம்மூன்றையும் மீறுகிறார். ஆனால் துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பு உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்ற விதியை மட்டும் கடைசிவரை காப்பாற்றுகிறார். மாண்ட்ரிக் தம் மாணவனான பார்பீயை ஏன் காரணம் சொல்லாமல் விலக்கினார், வெள்ளி அவனை ஏன் கூசவைக்கிறது, ஏப்ரலின் குரலுக்கு அவன் மட்டும் ஏன் எழுகிறான் என்பவை எல்லாம் அவனுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்கும் தெரியும். விடையும் நமக்குத் தெரியும். அதை அவன் எப்போது ஒப்புக்கொள்வான் என்பதுதான் மர்மம். ஒப்புக்கொண்டபின் அவன் வருந்துவதும் இல்லை, அழிவதும் இல்லை; அந்தக் குலம் காத்திருந்த தலைவன் அவன்தான் என்று ஆகி, வெள்ளை ஓநாயின் பின்னால் போய்விடுகிறான். எச்சரிக்க வந்தவர்கள் தோற்கிறார்கள். அமானுஷ்யக் கதை முடியும்போது உலகம் பழையபடி சீராகிவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு இந்த நாவல் ஒரு வரிகூட விட்டுக்கொடுக்கவில்லை.

பிப்ரவரி 16

இரண்டு நாள் கழித்தும் ஒன்று உறுத்துகிறது. உருமாறும் திறன் இரத்தத்தில் வருவது, கலந்துபோன பழைய இனத்தின் மிச்சம் என்று நாவல் சொல்கிறது. பிறப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரித்து, அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டப்படியே கட்டாயக் கருத்தடை செய்துகொண்டிருந்த காலம் அது. 1927இல் உச்ச நீதிமன்றமே அதற்கு அனுமதி தந்திருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், கெட்ட இரத்தம் என்று தேடப்படுபவனின் உள்ளத்திலேயே கதையை முழுவதும் நிறுத்தி, வேட்டையாடுபவர்களின் அச்சமும் நியாயம், வேட்டையாடப்படுபவனின் விடுதலையும் உண்மை என்று இரண்டையும் ஒருசேர உணரவைத்தது துணிச்சலான காரியம். ஏப்ரல் பெல்லுக்கு அந்த வாய்ப்பைத் தராததுதான் குறை. கடைசிவரை அவளைப் பார்பீயின் கண்ணால் மட்டுமே பார்க்கிறோம். சிவந்த கூந்தலும் பச்சைக் கண்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. தன்னை வேட்டையாட வந்தவரை எதிர்த்து விமான நிலையத்தில் தனியாக நின்றவள் அவள். ஒரே ஓர் இரவையாவது அவளுடைய கனவாக எழுதியிருந்தால், இதை நான் எல்லோருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைத்திருப்பேன். இப்போதும் பரிந்துரைக்கிறேன், இந்தக் குறையையும் சேர்த்துச் சொல்லி.