ஓரம் இல்லாத டோபோ ஷீட்

இடம் மாறிப்போன ஒரு ஆற்றின் பழைய தடத்தைப் பழைய டோபோ ஷீட்டை, அதாவது மேடு பள்ளம், ஆறு, சாலை எல்லாம் காட்டும் நில அளவை வரைபடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு முழு நாள் வீணாய்ப் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

காப்பகத்தில் நகல் கிடைக்க அரை மணி நேரம்தான் ஆனது. தாள் பெரிதாக இருக்கிறதென்று, நகலெடுத்துக் கொடுத்தவர் நான்கு ஓரங்களையும் விட்டுவிட்டு நடுப்படத்தை மட்டும் சுருக்கி எடுத்துவிட்டார். நானும் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். நிலத்தை அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு, சம உயரக் கோடுகளின் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உயர இடைவெளி, குறியீட்டு விளக்கம் எல்லாமே அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 என்று நம்பி ஸ்கேல் வைத்து அளந்தேன். சுருக்கிய நகலில் இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? போக வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே நின்று தேடிக்கொண்டிருந்தேன். உயரத்திலும் கோட்டைவிட்டேன். கோட்டுக்குக் கோடு 50 கூடியதை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு செங்குத்தான கரையை எதிர்பார்த்துப் போனால், அங்கே இருந்தது லேசான சரிவு. அது அடிக்கணக்கு. 50 அடி என்றால் சுமார் 15 மீட்டர்தான்.

மறுபடி போய், ஓரத்தோடு முழுத்தாளையும் ஸ்கேன் செய்து தரச் சொன்னேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள், தாளில் எவ்வளவு நீளம் நிலத்தில் எவ்வளவு தூரம் என்று காட்டும் அளவுகோல் பட்டை கட்டாயம் இருக்கட்டும். நகல் சுருங்கினால் பட்டையும் கூடவே சுருங்கும், அதனால் தூரம் தப்பாது. அச்சு ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். புதுச் சாலையை மட்டும் சேர்த்து, மற்றதையெல்லாம் பழைய நில அளவையில் இருந்தபடியே விட்டு மறு அச்சு போட்ட தாள்களும் உண்டு.

பழைய படத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்த, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றும்போது ஆறுகள் கூடும் இடத்தை ஒரு பொருத்தும் புள்ளியாக வைத்தேன், படம் முறுக்கிக்கொண்டது. ஆறுதான் நகர்ந்துவிட்டதே! பழைய பாலம், அளவைக் கல், சாலைச் சந்திப்பு என்று மாற்றியதும் பொருந்தியது.

அப்புறம்தான் அது கண்ணில் பட்டது. ஆற்றோடு போன ஊர் எல்லையின் புள்ளிக்கோடு ஓரிடத்தில் பிரிந்து, வெறும் வயலில் வளைந்து, மீண்டும் ஆற்றோடு சேர்ந்தது. எல்லை போட்ட காலத்தில் ஆறு அங்கே ஓடியிருக்க வேண்டும். பிறகு ஆறு விலகியும் எல்லை அங்கேயே நின்றுவிட்டது. நேரில் போனேன். வயல் நடுவே பிறை வடிவில் ஒரு பள்ளம், வாய்க்கால் வெட்டிய இடத்தில் மண்ணுக்கடியில் உருண்டை உருண்டையாக ஆற்றுக் கூழாங்கற்கள்.