எட்டு கிலோமீட்டருக்குள் பசிக்காது

2015 டிசம்பர் 1 மதியம், "ரெண்டு மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி, அரசு ஊழியனான என்னைச் சென்னையில் கோட்டூர்புரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்ட வெள்ள நிவாரண முகாமுக்கு அனுப்பினார்கள். நான் வீடு திரும்பியது 4ஆம் தேதி. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் வந்து ஏறி, கரண்ட் போய், போனில் சார்ஜும் போய், எந்தத் தெரு எங்கே இருக்கிறது என்றே தெரியாத நாட்கள் அவை.

சட்டைப் பையில் 400 ரூபாய் இருந்தது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் அஞ்சு ரூபாய், பத்து ரூபாயில் வயிறு நிறைந்துவிடும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் யார் போவது? முகாமை விட்டு நகரவும் கூடாது.

முகாமுக்கு வந்த பொட்டலங்கள் தலைக்கு ஒன்று என்று எண்ணி வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும், ஊழியருக்கு என்று அதில் ஒன்றும் கிடையாது. எலுமிச்சை சாத வாசனையை முகர்ந்துகொண்டே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு பாட்டி தன் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை இலையோடு கிழித்து என் பக்கம் தள்ளினார். "கணக்கு எழுதுறவன் பட்டினி கிடந்தா கணக்கு தப்பாயிடும்பா, தின்னு." கரும்பலகைக்குப் பின்னால் நின்றபடி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே தின்றேன். திருட்டுத் தீனிதான்.

அப்புறம் ஜனவரியில் மூன்று நாளைக்குத் தினப்படி, அதாவது அலுவல் பயணத்தில் சாப்பாட்டுச் செலவுக்குத் தருகிற தொகை, கேட்டுப் பட்டியல் போட்டேன். கண்காணிப்பாளர் அதைத் திருப்பித் தந்துவிட்டார். "தலைமையிடத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள்ளன்னா டூரே கிடையாது தம்பி. தணிக்கையில நிக்காது." தலைமையிடம் என்றால் நம் அலுவலகம் இருக்கிற இடம், டூர் என்றால் அலுவல் பயணம். நல்ல மனிதர், அவர் மேல் தப்பில்லை. வெளியூர் போகிறவனுக்காக எழுதின விதி அது. உள்ளூரில் இருக்கிறவனுக்கு வீட்டுச் சோறு வந்துவிடும் என்று யாரோ நினைத்து எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு தூரம் போனாய் என்று கேட்கிற விதி, எவ்வளவு நேரம் நகர முடியாமல் கிடந்தாய் என்று கேட்பதில்லை. மத்திய அரசில் இருக்கிற என் சித்தி பையனுக்கு மணிக்கணக்கு உண்டு: டூர் 6 மணி நேரத்துக்குள் என்றால் சாப்பாட்டுத் தொகையில் 30 சதவீதம், 12 மணி நேரம் வரை 70, அதற்கு மேல் முழுசும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கேயும் முதலில் எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால்தான் கடிகாரமே ஓடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கட்டுப்பாட்டு அறையில் ராத்திரி டூட்டி. இந்த முறை ஃபிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு பையில் அவல், வெல்லம், பொட்டுக்கடலை எல்லாம் கொண்டுபோயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், ஓயாமல் அடித்த போனை வைத்துவிட்டு, "சார், இதுக்கெல்லாம் படி ஏதாவது தருவாங்களா?" என்றாள். மணி ரெண்டே கால். தட்டு இல்லை, பழைய படிவம் ஒன்றைத் திருப்பிப்போட்டு அதில் அவலைக் கொட்டி, "முதல்ல இதைச் சாப்பிடும்மா" என்றேன். அதற்குள் அடுத்த போன் அடித்துவிட்டது.