ஃபைபர் போட்டு மோட்டாருக்கு ஆயில் மாற்றுவது: ஊற்றும் அளவும் வடியும் ஆயிலும்

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, ஆற அமர வேலை பார்க்கலாம். பின்பக்கம் வெளியே அவுட்போர்டு மோட்டார் மாட்டிய ஃபைபர் போட்டுக்கு அந்த வசதி இல்லை. காற்றும் கடலும் ஒத்துவந்தால் வருஷம் முழுக்கத் தொழிலுக்குப் போகிறது. ஆகவே ஆயில் மாற்றும் நாள் தானாக வராது. கணக்கு வைத்துத்தான் வரவழைக்க வேண்டும்.

கையேட்டில் பொதுவாக இப்படிப் போட்டிருக்கும்: புது மோட்டாருக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை அல்லது ஆறு மாதம், சில கம்பெனியில் ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. இதில் மாதக் கணக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகு எடுப்பவருக்கு. நாளுக்கு நாலு மணி நேரம் மோட்டார் ஓடினால் 25 நாளில் 100 மணி முடிந்துவிடும். "ஆறு மாசம்னுதானே போட்டிருக்கு" என்று இருந்தால் அதற்குள் 500 மணி நேரம் தாண்டியிருக்கும்.

சின்ன மோட்டாரில் மணி மீட்டர் வராது. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிவிடும் சின்ன மீட்டர் கிடைக்கிறது, அதை மாட்டலாம். இல்லையென்றால் பெட்ரோல் கணக்கு போதும். 9.9 குதிரைசக்தி மோட்டார் முழு வேகத்தில் மணிக்கு மூன்றரை முதல் நாலு லிட்டர் குடிக்கும். போகும்போது வேகம், வலை வாங்கும்போது மெதுவு என்று கலந்து ஓடுவதால் சராசரி இரண்டரை லிட்டர் என்று வையுங்கள். 250 லிட்டர் தீர்ந்தால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இங்கே சொல்வதெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாருக்கு. இரண்டு ஸ்ட்ரோக்கில் சம்ப் ஆயில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில் நிற்பது) என்று ஒன்று கிடையாது. எரிபொருளோடு கலக்கும் ஆயில்தான். அந்த டிசி-டபிள்யூ3 ஆயிலை நான்கு ஸ்ட்ரோக் சம்பில் ஊற்றக் கூடாது. அது எரிந்து போவதற்காகச் செய்த ஆயில், பேரிங்கைத் தாங்குவதற்காகச் செய்தது அல்ல. கியர் ஆயில் மட்டும் இரண்டு வகைக்கும் பொது.

ஆயில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40. டப்பாவில் எஃப்சி-டபிள்யூ முத்திரை இருந்தால் நல்லது. கடல் மோட்டாருக்கென்று துருத்தடுப்பு சோதித்த ஆயிலுக்கு அமெரிக்கக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் கொடுக்கும் தரச்சான்று அது. பைக் ஆயில் ஊற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு, ஓடவும் செய்கிறது. ஆனால் பைக் ஆயிலை உப்புக்காற்றுக்கென்று சோதிப்பதில்லை. காற்றுக்காலத்தில் மோட்டார் பத்து நாள் சும்மா கிடக்கும்போதுதான் அந்த வித்தியாசம் உள்ளே வேலை செய்யும். பீப்பாயிலிருந்து அளந்து கொடுக்கும் லூஸ் ஆயிலை நாங்கள் தொடுவதில்லை.

ஆயிலோடு சேர்த்து டிரெயின் போல்ட்டுக்கு (ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்) புது வாஷர் ஒன்று, மாடலுக்கு ஏற்ற ஃபில்டர், அளவுக்கோடு போட்ட ஜாடி, புனல், பழைய ஆயில் பிடிக்க அகலமான தட்டு, வேஸ்ட் துணி நிறைய வேண்டும். ஐந்து குதிரைசக்தி மாதிரிச் சின்ன மோட்டார் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது, சல்லடை மட்டும்தான். வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது சாக்கெட்தான். திருகு ஸ்பேனர் போட்டால் இரண்டாவது தடவையே போல்ட் தலை உருண்டுவிடும்.

ஆயில் சூடாக இருந்தால்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வடியும். தொழில் முடிந்து வந்ததும் செய்வது சுலபம். இல்லையென்றால் மேல்மூடி அறுத்த 200 லிட்டர் பேரலில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதில் இறக்கி நியூட்ரலில் ஐந்து பத்து நிமிஷம் ஓடவிடலாம். உள்ளே இருக்கும் உப்பும் கழுவிப் போகும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தாண்டித் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் "ஒரு நிமிஷம்தானே" என்று ஓட்டினால் வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகும். பக்கத்து ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். நிறுத்திய பிறகு பத்து நிமிஷம் விடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் ஆயில் சம்புக்கு இறங்கட்டும். கில் சுவிட்ச் (மோட்டாரை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றைக் கழற்றி, பிளக் மூடியையும் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

கடற்கரையில் இந்த வேலைக்கு முதல் எதிரி மணல். டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) ஊற்று மூடியையும் திறக்கும் முன் சுற்றிலும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். காற்று தூக்குகிற நேரத்தில் செய்யாதீர்கள். ஊற்று வாயில் விழுந்த ஒரு சிட்டிகை மணல், ஃபில்டர் இல்லாத மோட்டாரில் நேரே ஆயில் பம்புக்குப் போகும்.

டிரெயின் போல்ட் எஞ்சின் தலைக்குக் கீழே, நடுத்தண்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இருக்கும். சில மாடலில் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கழற்றினால்தான் தெரியும். போல்ட்டைத் திறந்தவுடன் ஆயில் நேராகக் கொட்டாது, தண்டோடு வழிந்து புரொப்பல்லர் வரை போகும். வெட்டிய தண்ணீர் பாட்டிலையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ ஓட்டைக்குக் கீழே சொருகி வாய்க்கால் மாதிரி வைத்தால் தட்டில் விழும். மோட்டாரைக் கொஞ்சம் திருப்பி, ஓட்டைப் பக்கம் தாழ்வாக வரும்படி சாய்த்தால்தான் மூலையில் நிற்பதும் வரும். மேலே மூடியைத் திறந்து வைத்தால் சீக்கிரம் வடியும். போட்டு தண்ணீரில் கிடக்கும்போது செய்ய வேண்டியிருந்தால் டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக உறிஞ்சும் கைப்பம்பு நல்லது. ஒரு சொட்டும் கடலில் விழாது. ஆனால் குழாய் அடி தொடவில்லையென்றால் பாதி ஆயில் உள்ளேயே தங்கிவிடும். எவ்வளவு வெளியே வந்தது என்று அளந்து பாருங்கள்.

பழைய வாஷர் ஒரு தடவை நசுங்கியது. திரும்ப இறுக்கினால் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள். சம்ப் அலுமினியம், போல்ட் இரும்பு. அலுமினிய மரை போய்விட்டால் உள்ளே சுருள் மரை வைக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். அந்தச் செலவுக்கு நூறு வாஷர் வாங்கலாம். போல்ட்டை முதலில் விரலால் முழுக்க ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம்.

பல மோட்டாரில் ஃபில்டர் படுக்கையாக உட்கார்ந்திருக்கும், கழற்றும்போது ஆயில் கொட்டும். கீழே துணியை அடைத்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றியதும் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதன் மேலேயே புதுசு ஏறிவிட்டால் பேரலில் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கடலில் முழு வேகம் கொடுத்ததும் இரண்டு ரப்பருக்கு நடுவே ஆயில் பீறிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, முகத்தில் தொடும்வரை கையால் ஏற்றி, பிறகு முக்கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம்.

பழைய ஆயிலால் கெட்ட மோட்டாரைவிட அதிக ஆயிலால் தொல்லை கொடுக்கும் மோட்டார்தான் கரையில் அதிகம் என்பது எங்கள் எண்ணம். "ஒரு லிட்டர் டப்பா, மிச்சம் எதுக்கு" என்று முழுக்கக் கவிழ்ப்பார்கள். சின்ன மோட்டாரின் சம்ப் சின்னது. ஹோண்டா 5 குதிரைசக்திக்கு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். யமஹா 25 குதிரைசக்திக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகும். ஒரே குதிரைசக்தியில்கூட மாடலுக்கு மாடல் மாறும், ஃபில்டர் மாற்றினால் ஒரு அளவு, மாற்றாவிட்டால் ஒரு அளவு. கையேட்டைப் பார்த்து, மூடிக்கு உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடுங்கள்.

கூடினால் என்ன ஆகும்? கிராங்க் சுழலும் வேகத்தில் ஆயில் அடிபட்டு நுரைக்கும். நுரையைப் பம்பு ஒழுங்காகத் தள்ளாது. மிஞ்சிய ஆயில் மூச்சுக்குழாய் வழியே கார்புரேட்டர் பக்கம் ஏறும், வெள்ளைப் புகை வரும், பிளக் நனையும், ஐட்லில் நின்றுபோகும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக் மாற்றி, கடைசியில்தான் டிப்ஸ்டிக்கைப் பார்ப்பார்கள்.

எனவே சொன்ன அளவில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி, கொஞ்சம் பொறுத்து அளவு பாருங்கள். மோட்டார் நேராக நிற்க வேண்டும். கரையில் ஏற்றிய போட்டு ஒரு பக்கம் சாய்ந்தோ, பின்பக்கம் தாழ்ந்தோதான் கிடக்கும். அந்த நிலையில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். மோட்டாரை மர ஸ்டாண்டில் மாட்டிப் பார்ப்பதுதான் சரி. கம்பியைத் துடைத்து, முழுக்க இறக்கி, எடுத்துப் பாருங்கள். திருகு மூடியோடு வரும் கம்பியில் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். சிறிது சிறிதாக ஊற்றி மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். பிறகு தண்ணீரில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு சில விநாடிகளில் சரியான நிலையைக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். புது ஃபில்டர் குடித்த அளவு குறைந்திருக்கும், அதை மட்டும் சேருங்கள். கூடிவிட்டால் போல்ட்டைத் திறக்க வேண்டாம். 50 மில்லி ஊசிக் குழலில் டிரிப் குழாயை மாட்டி டிப்ஸ்டிக் ஓட்டை வழியே இழுத்துவிடலாம்.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். கறுப்பாக இருப்பது குற்றமல்ல, அழுக்கைத் தூக்கி வந்திருக்கிறது. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். புது மோட்டாரின் முதல் ஆயிலில் மினுமினுப்பு இருக்கும், அது உள்பாகங்கள் ஒன்றோடொன்று பழகிய தேய்மானம். பழைய மோட்டாரில் அப்படி இருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். காபி நிறத்தில் பாலாக இருந்தால் தண்ணீர். மூடியின் அடியில் மட்டும் லேசான வெள்ளைப் படலம் என்றால் மோட்டார் சூடேறும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டியதால் படிந்த ஈரமாக இருக்கலாம். ஆயில் முழுக்கப் பால் என்றால் கேஸ்கெட் வழியாக உப்புத்தண்ணீர் இறங்குகிறது, மறுநாள் கடலுக்குப் போகாதீர்கள்.

அடுத்தது அளவு கூடியிருப்பது. ஊற்றியதைவிட அதிகமாக வடிந்தால், பெட்ரோல் வாடை அடித்தால், எரிபொருள் சம்புக்குள் இறங்குகிறது. பல காரணம் உண்டு. வலைக்குப் பின்னால் மணிக்கணக்கில் மெதுவாக ஓடியதால் எஞ்சின் சூடாகாமலே இருந்திருக்கலாம். எஞ்சின் சூட்டைச் சரியாக வைக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். கார்புரேட்டர் மாடலில் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கலாம். பெட்ரோல் மோட்டாரில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினாலும் இதுதான் நடக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போகும், ஆயில் தண்ணீர் மாதிரி இளகிவிடும். கலந்துதான் ஓட்டுவோம் என்றால் 100 மணி என்ற கணக்கை மறந்துவிட்டு 50 மணிக்கே மாற்றுங்கள்.

மேலே வேலை முடிந்த கையோடு கீழே புரொப்பல்லர் பக்கம் இருக்கும் கியர் ஆயிலையும் பார்த்துவிடுவது நல்லது. இதற்கு 90 அல்லது 80டபிள்யூ-90 ஹைபாய்ட் கியர் ஆயில். முதலில் கீழ்த் திருகு, பிறகு மேல் திருகு கழற்றி வடிய விடுங்கள். நிரப்பும்போது ஆயில் டியூபைக் கீழ் ஓட்டையில் வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே வழிந்ததும் மேல் திருகை முதலில் மூடி, பிறகுதான் கீழே டியூபை எடுத்து மூட வேண்டும். இங்கேயும் வாஷர் புதுசு. கியர் ஆயில் பாலாக வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு புரொப்பல்லர் சீல்தான். வலை நைலான் நரம்பு தண்டில் சுற்றி சீலை அறுத்திருக்கும். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் புரொப்பல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பது கால் மணி நேர வேலை.

மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தப்பான பக்கம் படுத்தால் சம்ப் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். அப்படி ஆகியிருந்தால் பிளக்கைக் கழற்றாமல் கயிறு இழுக்காதீர்கள்.

பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். தோலுக்குக் கெடுதல், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டு கவிழ்ந்து மோட்டார் தண்ணீரில் போய்விட்டால் 100 மணிக் கணக்கெல்லாம் கிடையாது. நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். எங்காவது பிடித்தால் பலம் கொடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருந்தபோது மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு (பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளைந்திருக்கலாம். கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, சம்ப் ஆயிலை மாற்றி, ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். பால் நிறம் போகும்வரை இரண்டு மூன்று தடவை ஆகும், அதற்கு மலிவான ஆயிலே போதும், கடைசித் தடவைக்கு நல்லது. சில மணி நேரத்துக்குள் இதைச் செய்ய ஆள் கிடைக்கவில்லையென்றால் மோட்டாரை வெளியே காய வைக்காமல் நல்ல தண்ணீர் நிரப்பிய பேரலில் முழுக்க மூழ்கும்படி போட்டு வையுங்கள். உப்புத்தண்ணீரில் நனைந்த இரும்பில் காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும்.