மண்டபத்து மேசையில் ஹாஜி பீர் கணவாய்: ஐந்து மாத வேலைக் குறிப்பு

ஐப்பசி

மண்டபத்தில் நிலம் ஏறுவதில்லை. வடகடலுக்கும் தென்கடலுக்கும் இடையே ஒரே மட்டமாகக் கிடக்கும் இந்த மணல் நிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, உயரம் என்றவுடன் இராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் என்று வழங்கும் மேடுதான் நினைவுக்கு வரும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, காஷ்மீரில் 8,652 அடி உயரத்தில் இருக்கும் ஹாஜி பீர் கணவாயையும் அதைச் சுற்றிய சரிவுகளையும் அளவு பிசகாமல் மேசைமீது கட்டுவது என்று இந்த ஐப்பசியில் தொடங்கினேன். இந்தியத் தரைப்படையின் சிறப்புப் படையினரைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். படித்த இடங்களில் எல்லாம் துப்பாக்கிச் சத்தம் நிறைய இருந்தது. ஆனால் அவர்கள் ஏறிய சரிவு எப்படிப்பட்டது, எந்த மடிப்பில் மறைந்து போனார்கள், ஏன் அந்த வழியைத் தேர்ந்தார்கள் என்பது மனத்தில் பதியவே இல்லை. கையால் செய்து பார்த்தால் பதியும் என்று நம்பினேன்.

ஹாஜி பீரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதைக் கைப்பற்றிய முதல் பாராசூட் பட்டாலியன். 1965இல் அது வழக்கமான பாராசூட் பட்டாலியனாகத்தான் இருந்தது; 1978இல்தான் அதைச் சிறப்புப் படையாக மாற்றும் பணி தொடங்கியது. அந்தப் பட்டாலியனின் வேரைத் தேடிப் போனால் 1761ஆம் ஆண்டுத் திருச்சிராப்பள்ளியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பெனியார் சோழமண்டலக் கரையில் திரட்டிய 'கரையோரச் சிப்பாய்கள்' அணிகளுள் ஒன்றாக அங்கே பிறந்து, பிற்காலத்தில் பஞ்சாப் ரெஜிமென்டாகி, விடுதலைக்குப் பின் பாராசூட் ரெஜிமென்டில் சேர்ந்த படை அது. நம் பக்கத்துப் பனையூரில் பிறந்தவர் என்று சொல்லப்படும் மருதநாயகம் என்கிற யூசுப் கான் கும்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைவராக இருந்த காலமும் அதுவே. இந்தக் கரையில் இருந்துகொண்டு அந்தப் பட்டாலியனைப் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்ததில் வியப்பில்லை.

90க்கு 60 சென்டிமீட்டர் அளவில் ஒரு பிளைவுட் பலகை. ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர் என்று அளவு வைத்துக்கொண்டேன். செயற்கைக்கோள் எடுத்த உயர அளவுகள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. அவற்றிலிருந்து நூறு மீட்டருக்கு ஒரு சமவுயரக் கோடு வரைந்து, ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தெர்மாகோல் தகடுகளைச் சூடேற்றிய கம்பியால் அந்தக் கோட்டின்படி வெட்டி அடுக்கினேன்.

இங்கேதான் முதல் தவறு நேர்ந்தது. மலை எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு தகடுகளை வைத்து உயரத்தை இரட்டித்துவிட்டேன். பார்வைக்கு மிக நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சரிவில் விரலை வைத்து மேலே நகர்த்தியபோது, இது மனிதன் சுமையோடு ஏறக்கூடிய சரிவே அன்று என்பது புரிந்தது. நடந்த வீரத்தைப் பெரிதாக்கிக் காட்ட நிலத்தைப் பொய்யாக்கினால், அவர்கள் உண்மையில் செய்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு வார வேலையைப் பிரித்தெடுத்து மீண்டும் ஒற்றைத் தகடாக அடுக்கினேன்.

கார்த்திகை

தெர்மாகோல் படிகளை மூடிச் சரிவாக்கக் காகிதக்கூழ் தேவை. முறத்துக்குப் பூச அம்மா செய்யும் முறையையே பின்பற்றினேன்: பழைய செய்தித்தாளை மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்த கூழ். வெந்தயத்தின் வழவழப்பு காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்தபின் தட்டினால் மரப்பலகை போல ஒலிக்கும். ஆனால் முறம் சித்திரை வெயிலில் காயும். வாடைக்காற்று வீசும் கார்த்திகையில், இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஊரில், கூழ் ஒன்பது நாளாகியும் காயாமல் பச்சைப் பூஞ்சை பிடித்துவிட்டது. மேல்பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய கூழில் சிட்டிகை மயில்துத்தம் கலந்து, மெல்லிய பூச்சாக நான்கு முறை பூசினேன். ஒவ்வொரு பூச்சுக்கும் இரண்டு நாள் மேசைவிளக்கின் சூட்டில் வைத்தேன். அதன்பின் பூஞ்சை வரவில்லை.

காயக் காத்திருந்த நாட்களில் போர் விவரங்களை நேரத்தின்படி வரிசைப்படுத்தி எழுதினேன். 1965 ஆகஸ்டில், ஊரி–பூஞ்ச் சாலையில் அமைந்த இந்தக் கணவாயின் வழியாகப் பாகிஸ்தான் பக்கமிருந்து காஷ்மீருக்குள் ஊடுருவியவர்களைத் தடுக்க, பிரிகேடியர் ஜோராவர் சந்த் பக்ஷியின் 68ஆம் பிரிகேடுக்கு அதைப் பிடிக்கும் பொறுப்பு தரப்பட்டது. சாங்க் என்னும் உயர்நிலையின் மீது முதல் பாரா பட்டாலியன் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. மறு இரவில் மீண்டும் ஏறி 27ஆம் தேதி காலை அதைப் பிடித்தார்கள். பட்டாலியனின் துணைத் தலைவராக இருந்த மேஜர் ரஞ்சித் சிங் தயாள், அன்று பிற்பகலே ஒரு கம்பெனியோடு கணவாயை நோக்கிப் புறப்பட்டார். இரண்டு இரவுகள் போரிட்ட ஆட்கள், மழை, மூடுபனி, கீழே ஹைதராபாத் நாலா என்னும் ஓடை, அதிலிருந்து ஏறத்தாழ 4,000 அடி ஏற்றம். வழியில் ஒரு வீட்டில் இருந்த எதிரணி வீரர்கள் பத்துப் பேரைச் சிறைபிடித்து, அவர்களையே சுமை தூக்கச் செய்தார்கள். இரவெல்லாம் ஏறி, விடியுமுன் நான்கரை மணியளவில் பழைய சாலையை அடைந்து சற்றே ஓய்வெடுத்து, மீண்டும் நடந்தார்கள். கணவாய்க்குக் கீழே வந்ததும் எதிரணியினர் மேலிருந்து சுடத் தொடங்கினார்கள். தயாள் ஒரு சிறு பிரிவை அங்கேயே நிறுத்திப் பதிலுக்குச் சுடவைத்துவிட்டு, மற்றவர்களோடு மேற்குத் தோள்முகட்டில் ஏறி, அங்கிருந்து கணவாயின் மீது இறங்கினார். 28ஆம் தேதி காலை பத்தரை மணிக்குக் கணவாய் அவர்கள் கையில் இருந்தது. அவருக்குப் போர்க்கள வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருதான மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவரே பிற்காலத்தில் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகவும் இருந்தார் என்பதைத் தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள் என்று அடிக்கடி எண்ணிக்கொள்வேன்.

மார்கழி

மரங்களுக்கு மரிக்கொழுந்துப் பாசியைப் பயன்படுத்தினேன். தென்கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் எங்கள் தெருப் பெண்களிடம் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினேன். காய்ந்தபின் அதன் கிளைகள் மலைமரங்களைப் போலவே நிற்கின்றன. நல்ல தண்ணீரில் ஐந்து முறை அலசியே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பசையை இளக்கிவிடும்.

இந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. பெரிய பொம்மை வீரர்களை நிறுத்தினால் நிலம் மீண்டும் பொய்யாகும். ஆகவே வீரர்களுக்குப் பதிலாக அவர்கள் சென்ற வழியை மட்டும், பாராசூட் படையினரின் தொப்பி நிறமான அரக்குச் சிவப்பில் சாயமேற்றிய வலைநூலால் காட்டுவது என்று தீர்மானித்தேன். நூலைத் தொடக்க இடத்துக்கும் கணவாய்க்கும் இடையே நேராகப் பிடித்து அளந்து வெட்டி, பிறகு மடிப்புகளில் பதித்து ஒட்டிக்கொண்டு போனேன். பாதி ஏற்றத்திலேயே நூல் தீர்ந்துவிட்டது. அந்த இரவின் நடை எவ்வளவு நீண்டது என்பதை எந்தப் பக்கத்தைப் படித்தபோதும் நான் இவ்வளவு தெளிவாக உணர்ந்ததில்லை.

மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு மாமா, நூல் ஒட்டும் அன்று வந்து அமர்ந்தார். தயாள் கணவாயை விட்டு ஏன் தோள்முகட்டுக்கு ஏறினார் என்று அவரிடம் கேட்டேன். மேசையின் ஓரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, ஓடையின் மட்டத்திலிருந்து கணவாயைப் பார்க்கச் சொன்னார். "மாப்பிள்ளை, நேரே ஏறுனா மேல இருக்கிறவனுக்கு நீ தெரிவ. பக்கத்துத் தோளைப் புடிச்சுட்டா அவன் உனக்குத் தெரிவான். ஆனா விடிய விடிய ஏறி வந்த காலை இன்னும் மேல ஏறச் சொல்றது இருக்கே, அதுதான் பெரிசு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஓடையிலிருந்து பார்க்கும்போது கணவாய் ஒரு திறந்த வாசல்போல் தெரிந்தது. தோள்முகட்டில் கண்ணை வைத்தபோது அந்த வாசலின் உட்புறம் முழுவதும் கீழே விரிந்துகிடந்தது. களைத்த உடம்போடு எளிய வழியை விட்டுக் கடினமான வழியைத் தேர்ந்ததே அந்தக் காலையின் வீரம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். 1966 ஜனவரியில் கையெழுத்தான தாஷ்கண்ட் உடன்பாட்டின்படி கணவாய் பாகிஸ்தானுக்குத் திருப்பித் தரப்பட்டபோது மாமா பணியில் சேர்ந்திருக்கவில்லை. இருந்தும் அதைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

தை

ஹாஜி பீர் பலகை முடிந்து கண்ணாடிக்குள் போய்விட்டது. அடுத்த பலகைக்கு 1971 டிசம்பர் 7ஆம் தேதியின் சாச்ரோ தாக்குதலை எடுத்துக்கொண்டேன்.

சிறப்புப் படையின் வரலாறு முறையாகத் தொடங்குவதும் 1965 போரில்தான். மேஜர் மேக் சிங், மேற்குப் படைத்தலைவர் ஹர்பக்ஷ் சிங்கின் இசைவோடு, தாமாக முன்வந்த வீரர்களைக் கொண்டு 'மேக்தூத்' என்னும் சிறுபடையை அமைத்து எதிரணியின் எல்லைக்குப் பின்னால் சென்று தாக்கினார். அதன் பயனைக் கண்டபின் 1966 ஜூலையில் ஒன்பதாம் பாரா கமாண்டோ பட்டாலியன் அவர் தலைமையில் உருவாயிற்று. மறு ஆண்டு அதிலிருந்து பத்தாம் பட்டாலியன் பிரிந்தது. ஒன்பதாவது வடக்கு மலைகளுக்கு, பத்தாவது மேற்குப் பாலைக்கு.

பத்தாம் பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் பவானி சிங், ஜெய்ப்பூர் அரச குடும்பத்தவர். எந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய இலகு வண்டிகளில், எல்லையிலிருந்து பாகிஸ்தானுக்குள் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உள்ளே, சாலையற்ற தார்ப் பாலையின் மணற்குன்றுகளுக்கு இடையே சென்று சாச்ரோவைத் தாக்கினார்கள். பிறகு வீராவா, நகர்பார்க்கர் என்று மேலும் போனார்கள். அவருக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது.

மணற்குன்று எங்களுக்குத் தெரிந்த பொருள் என்பதால் இந்தப் பலகை எளிதாக இருந்தது. தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் இரண்டு காலை நின்று குன்றுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்: காற்று வரும் பக்கம் மெல்லச் சாய்ந்து ஏறுகிறது, மறுபக்கம் காலை வைத்தால் சரிந்து விழுகிறது. வண்டியோட்டி ஒவ்வொரு குன்றிலும் இந்த இரண்டு பக்கங்களையும் இருட்டில் அடையாளம் காண வேண்டும். மணலில் புதையாதிருக்கச் சக்கரங்களில் காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும். கரை மணலைச் சலித்துச் சிப்பித் துண்டுகளை நீக்கி, உப்புப் போகக் கழுவி, நிறத்துக்குச் சிறிது செம்மண் பொடி கலந்து, ஃபெவிகால் நீரில் கரைத்துத் தெளித்து நிறுத்தினேன். சக்கரத் தடங்களை ஈருளிச் சீப்பின் முனையால் இழுத்தேன்.

இந்த நாட்களில், தெருவில் வேலையைப் பார்க்க வந்த ஒருவர், யாழ்ப்பாணத்தையும் ஒரு பலகையாகச் செய்யலாமே என்றார். 1987 அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய பத்தாம் பாரா கமாண்டோக்களும் 13ஆம் சீக்கிய இலகு காலாட்படையினரும் பட்ட பாட்டை நான் படித்திருக்கிறேன். அந்த வீரர்களின் மன உறுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் போரில் உறவுகளை இழந்து கடல் கடந்து வந்தவர்கள் எங்கள் ஊர் முகாமில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் என் திண்ணைக்கு வந்து இந்தப் பலகைகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதை நான் செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மாசி

மூன்றாவது பலகை, மந்தோல். 1971 டிசம்பர் 13ஆம் தேதி இரவு ஒன்பதாம் பாரா கமாண்டோவின் ஒரு கம்பெனி, மேஜர் மல்ஹோத்ராவின் தலைமையில், உறையும் குளிரில் பூஞ்ச் ஆற்றைக் கடந்து சென்று, மந்தோல் கிராமத்தருகே இருந்த பாகிஸ்தானின் 122 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆறையும் வெடிவைத்துத் தகர்த்தது. அந்தப் பட்டாலியனுக்கு 'மந்தோல்' ஒரு போர்ச் சிறப்புப் பெயராக வழங்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பலகையில் அளவை மாற்றி, ஒரு சென்டிமீட்டருக்கு ஐம்பது மீட்டர் என்று வைத்தேன்; ஆறும் அதன் கரைகளுமே இங்கே முதன்மை. ஆற்றுக்குத் தெளிந்த பிசின் ஊற்ற வேண்டும். முதல் ஊற்றில் கடினமாக்கும் கரைசலைக் கூடுதலாகக் கலந்துவிட்டதால் சூடேறி மஞ்சளாகி, கூழையும் வெடிக்கச் செய்தது. ஆற்றுப்படுகையை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூசினேன். இம்முறை இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றுவதில்லை.

மாமா நேற்று மாலை வந்தவர், நூலைக் கையில் வாங்கி ஆற்றின் இந்தக் கரையில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே வளைவில் நீர் பரந்து ஓடுவதால் ஆழம் குறைவாக இருக்கும், தாம் என்றால் அங்கேதான் இறங்குவேன் என்றார். கடந்தபின் ஈர உடையோடு, நனையாமல் காத்த வெடிமருந்தோடு, ஓசையின்றி எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று விரலால் அளந்து பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பீரங்கிகளுக்காக ஆறு கறுப்புப் பாசிமணிகளை இன்று காலை ஒட்டியிருக்கிறேன். ஆற்றின் இரண்டாவது ஊற்று இன்னும் உறையவில்லை. உறைந்தபிறகே நூலை மறுகரைக்குக் கொண்டுபோக முடியும்.