கடைசியாக எப்போது பறந்தது?

சிறிய விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் என்னைப் போன்ற பராமரிப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப் போய் அதைப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் விமானத்தின் வயதைப் பற்றியதாக இருக்கும். விற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: இது கடைசியாக எப்போது பறந்தது?

வயதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் விற்பனைக்கு வந்தது 1956இல். இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் வேறு எந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. ஆனால் 1986இலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் அதன் உற்பத்தியே நின்றுபோயிருந்தது. விபத்து வழக்குகளில் தயாரிப்பாளர் தலையில் விழுந்த இழப்பீட்டுச் சுமை முக்கியக் காரணம். அதனால் கைமாறும் விமானங்களில் பல 60களிலும் 70களிலும் செய்யப்பட்டவை. அலுமினிய உடல், மடங்காத சக்கரங்கள், எளிய பிஸ்டன் என்ஜின். ஒழுங்காகப் பறந்து, ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஐம்பது வயது விமானத்தில் நான் என் குடும்பத்தை ஏற்றத் தயங்க மாட்டேன். எனக்குக் கவலை தருவது, ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையில் உறை போர்த்தி, பெயின்ட் மங்காமல், லாக்புக்கில் வருடத்துக்கு நாலைந்து மணி நேரம் மட்டும் எழுதப்பட்டிருக்கும் விமானம்தான்.

காரணம் என்ஜினுக்குள் இருக்கிறது. சிறிய விமானங்களில் பரவலாகக் காணப்படும் லைகாமிங் என்ஜினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜின் ஓடும்போது தெறிக்கும் ஆயில் அதை நனைத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும். வாரங்கள் போகப் போக, கேம்ஷாஃப்ட் வெறும் இரும்பாகக் காற்றில் நிற்கும். ஈரக் காற்று உள்ளே குளிர்ந்தால் அதன்மேல் நீர் படியும், துரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனால் கேம்ஷாஃப்டில் மேடாக இருக்கும் கேமின் மேல்பரப்பு மட்டுமே கடினமாக்கப்பட்ட இரும்பு. அந்தத் தோலில் ஓர் இடம் விட்டுப்போனால், மறுபடி ஓட ஆரம்பித்ததும், கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் டேப்பெட் அதன்மேல் அழுத்தி அழுத்திச் செதில் செதிலாக உரித்தெடுத்துவிடும்.

இதைச் சொன்னதும் பலர் தரும் பதில்: “நான் வாராவாரம் வந்து பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே!” நல்ல எண்ணம்தான், பலன் தலைகீழ். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயில் இருக்கும் பகுதிக்குள் போய்விடும். அது வெளியேற வேண்டுமானால் ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும். தரையில் ஓட்டும் பத்து நிமிடத்தில் தண்ணீர் சேருமே தவிர, வெளியேறும் அளவுக்குச் சூடு ஏறாது. முப்பது நாளுக்கு ஒரு முறையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்பது என்ஜின் தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் அறிவுரை. பறக்க முடியவில்லையா, ஸ்டார்ட் செய்யாமலே விடுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக் மாட்டி, முறைப்படி மூடி வைக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது.

ஒருவருடைய விமானம் இன்றும் நினைவில் நிற்கிறது. அவர் அதை அதிகம் பறக்கவிடாமல், கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். இருக்கைக்கு உறை, கண்ணாடிக்குத் தனித் துணி, சக்கரத்தில் ஒரு சொட்டு கிரீஸ் இருக்காது. ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டிப் பிரிப்பது எங்கள் வழக்கம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை நறுக்கி எடுத்து, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்ப்போம். அன்று காகிதம் முழுக்க மினுங்கியது. காந்தத்தை அருகில் கொண்டு போனேன், எல்லாம் எழுந்து ஒட்டிக்கொண்டது. இரும்பு. ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது கேமின் மேடு மழுங்கி வட்டமாகிக் கிடந்தது. அவர் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். “நான் இதை ஒரு நாள்கூடக் கஷ்டப்படுத்தினதே இல்லையே” என்றார். உண்மைதான். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. என்ஜினை முழுதாகப் பிரித்துச் சீர்செய்து திரும்பப் பூட்டுவதற்குள் அந்த ஆண்டின் நல்ல பறக்கும் மாதங்கள் அத்தனையும் போய்விட்டன.

மற்ற பாகங்களும் அப்படியே. நின்ற இடத்திலேயே நிற்கும் டயர் ஒரு பக்கம் தட்டையாகும். ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும். வேகம் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிட்டோ குழாயிலும், பெட்ரோல் டேங்கின் காற்றுத் துளையிலும் குளவி மண் வைத்து அடைத்துவிடும். பறவைகளுக்கு என்ஜின் மூடிக்குள் கூடு கட்ட ஒரு காலைப்பொழுது போதும்.

சரி, பின் ஏன் பறக்காமல் வைத்திருக்கிறார்கள்? செலவுக்குப் பயந்துதான் பெரும்பாலும். பறந்தால் பெட்ரோல் செலவாகும், 172 மாதிரி விமானம் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதெல்லாம் சரியே. ஆனால் ஹேங்கர் வாடகை, காப்பீடு, வருடாந்திர ஆய்வு ஆகிய மூன்றும் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு 30 மணி பறப்பவருக்கு அந்தச் செலவு ஒரு மணிக்கு எவ்வளவு விழுகிறதோ, 120 மணி பறப்பவருக்கு அதில் கால் பங்குதான். அப்புறம் என்ஜினின் ஆயுள் கணக்கு. இந்த வகை என்ஜின்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 2,000 மணி நேரம், அல்லது 12 ஆண்டுகள், எது முதலில் வருகிறதோ அது. வருடம் 30 மணி பறந்தால் 12 ஆண்டில் 360 மணிதான் ஆகியிருக்கும். என்ஜினைச் சேமித்ததாக நினைப்பவர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அனுபவித்திருக்க மாட்டார்.

அதனால், கேட்பவர்களிடம் கூட்டாக வாங்கச் சொல்கிறேன். ஒத்த மனமுள்ள மூன்று பேர் சேர்ந்தால் நிலையான செலவு மூன்றாகப் பிரியும், விமானமும் வாரம் தவறாமல் பறக்கும். யார் எந்த நாள், பழுதுக்கு யார் தருவது, ஒருவர் விலகினால் பங்கை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாமல் நட்பை நம்பி ஆரம்பித்த கூட்டுகள் முறிந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கைக்கு வரும் விமானங்களில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவற்றில் பல கூட்டு விமானங்கள்தான்.

அடிக்கடி பறப்பதில் இன்னொரு பெரிய லாபம், உரிமையாளருக்குத் தன் விமானத்தின் குரல் பழகிவிடும். விமான என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. பேட்டரி செத்தாலும் என்ஜின் ஓடுவது இவற்றால்தான். கிளம்புவதற்கு முன் சாவியைத் திருப்பி ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். என்ஜினின் சுழற்சி வேகம் (ஆர்பிஎம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று) சற்றுக் குறைய வேண்டும். செஸ்னா 172 கையேடுகளில், மாடலைப் பொறுத்து, 125 அல்லது 150 ஆர்பிஎம் வரை குறையலாம் என்று இருக்கும். ஒரு பெண் விமானி, வாரம் ஒருமுறையாவது பறப்பவர், ரன்வே ஓரத்திலிருந்து போன் செய்தார். “சார், இன்னிக்கு ஒரு பக்கம் ஆர்பிஎம் இறங்கவே இல்ல. எனக்கு இது சரியாப் படல.”

குறையாவிட்டால் நல்லதுதானே என்று பலருக்குத் தோன்றும். அவர் மேற்கொண்டு போகாமல் திரும்பிவிட்டார். பார்த்தால், மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி முனையில் அறுந்திருந்தது. அதாவது சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகும் அந்த மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். யாராவது புரொப்பெல்லரைக் கையால் சற்று நகர்த்தினால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோல் பற்றி அது வெட்டிச் சுழலக்கூடும். அவர் கண்டுபிடித்தது எத்தனை பெரிய விஷயம் என்பதை அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். எந்த ஆய்வாளரும் வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு இதைப் பிடித்துவிட முடியாது. கம்பி எந்த நாளிலும் அறுந்துபோகலாமே.

பெட்ரோல் சோதனையும் அதே மாதிரி பழக வேண்டியது. டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்கு நீல நிறம் ஏற்றியிருப்பார்கள். தண்ணீர் கனமானது, அடியில் நிறமில்லாமல் தனியாக நிற்கும். குப்பி முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் கோடு தெரியாது, நிறத்தையும் வாசனையையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இதைப் புது உரிமையாளர்களுக்கு நானே பக்கத்தில் நின்று காட்டிவிடுவேன்.

கடைசியாக என் பக்கத்து விஷயம் ஒன்று. வேலை முடிந்து லாக்புக்கில் கையெழுத்துப் போடும் நேரம் எனக்கு எப்போதும் பாரமானது. பழுது பார்த்து வெளியே வந்த விமானம்தான் மிக நல்ல நிலையில் இருக்கும் என்று உரிமையாளர்கள் நம்புகிறார்கள். ஆனால் கழற்றி மாட்டிய இடங்களில்தான் இறுகாத நட்டும், பூட்டுக் கம்பி சுற்றாத போல்ட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் என்ஜின் மூடியைப் பூட்டுவதற்கு முன் உரிமையாளரைக் கூப்பிட்டு, டார்ச் அடித்து, நான் தொட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். சனி ஞாயிறு நெருங்கும்போது, குடும்பத்தோடு கிளம்பும் திட்டம் வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தில் அவசரப்படுவார்கள். எவ்வளவு கேட்டாலும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் அவர் தனியாக, பகல் வெளிச்சத்தில், விமான நிலையத்தின் மேலேயே அரை மணி நேரம் சுற்றிவிட்டு வர வேண்டும். வந்ததும் மூடியைத் திறந்து ஆயில் கசிகிறதா, ஏதாவது உரசியிருக்கிறதா என்று இருவரும் பார்ப்போம். மற்றவர்களை ஏற்றிக்கொள்வது அதற்குப் பிறகுதான்.