கோரக் வந்தால் குக்கர் விசில் அடிக்கும்

போன ஆடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ‘அம்மன்’ படம் போட்டார்கள். ஆடி மாதம் பிறந்தால் கூழ் ஊற்றுவதும் இந்தப் படம் போடுவதும் தவறாது என்பது உங்களுக்கே தெரியும். ஏழு வயது மகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சோபாவில். முதல் முறை அந்த மந்திரவாதி முகம் திரையில் வந்ததும் குக்கர் விசில் எத்தனை ஆயிற்று என்று பார்க்க எழுந்து அடுக்களைக்குப் போனேன். இரண்டாவது முறை மாடியில் காயும் துணி ஞாபகம் வந்தது. மூன்றாவது முறை எழுந்தபோது மனைவி கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

“என்னங்க, அடுப்புல குக்கரே இல்லையே?”

சரி, இனி மறைத்துப் பயனில்லை. வயது முப்பத்தெட்டு ஆகிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, கோரக்கைக் கண்டால் இன்னமும் வயிற்றைக் கலக்குகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1995இல் தெலுங்கில் கோடி ராமகிருஷ்ணா எடுத்த ‘அம்மோரு’தான் தமிழில் ‘அம்மன்’ ஆனது. சௌந்தர்யா அப்பாவி பக்தை, ரம்யா கிருஷ்ணன் அம்மன், ராமி ரெட்டி கோரக் என்கிற மந்திரவாதி. இதே இயக்குநரின் ‘அங்குசம்’ படத்தில் 1989லேயே ரவுடியாக வந்து ஆந்திராவை மிரட்டியவர் இந்த ராமி ரெட்டி. அதெல்லாம் எனக்கு எட்டு வயதில் யார் சொன்னார்கள்? பக்திப் படம் என்று சொல்லித்தான் பாட்டி எங்களைக் கூட்டிப் போனாள். தியேட்டர் வாசலில் வேப்பிலைத் தோரணம், உள்ளே யாரோ கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்கள், படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நாலு வரிசை தள்ளி ஓர் அம்மாவுக்கு அருள் வந்துவிட்டது. இப்படி ஒரு இடத்தில் எட்டு வயதுப் பையன் எதற்குப் பயப்படுவான், திரைக்கா, நாலாவது வரிசைக்கா?

பேய்ப் படமாக இருந்தால் ஒரு வசதி உண்டு. போஸ்டரிலேயே தெரிந்துவிடும், “நான் வரல” என்று சொல்லிவிடலாம், வீட்டிலும் “சின்னப் பசங்க பார்க்கக் கூடாது” என்று விட்டுவிட்டுப் போவார்கள். பக்திப் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணை மூடினால் பாட்டி தலையில் குட்டினாள். “சாமி வர நேரத்துல கண்ணை மூடுறியா? சாமி குத்தமாயிடும்டா!” சாமி வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அதுவரைக்கும் வந்ததெல்லாம் கோரக்தான். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாலும் விடவில்லை. அதன் பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை, பாட்டியின் சேலைக்கும் எனக்கும் இடையிலான விஷயம் அது.

அம்மன் காப்பாற்றுவாள் என்கிற நம்பிக்கையில்தான் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். அவளும் காப்பாற்றினாள், ஆனால் சூலமும் கையுமாகக் கண்ணை விரித்து அவள் எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு கோரக் மேலேயே கொஞ்சம் பரிதாபம் வந்துவிட்டது. சரி, நம் பக்கத்து ஆள்தானே என்று மனதைத் தேற்றி வைத்திருந்தால், 1999இல் ‘படையப்பா’ வந்தது. என்னைக் காப்பாற்றிய தெய்வம் நீலாம்பரியாக வந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு உடைந்த நம்பிக்கை இன்றுவரை ஒட்டவில்லை.

எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி என்றே நினைக்கிறேன். அப்பாவுக்கு நம்பியார். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த தலைமுறை, நம்பியார் இரண்டு கையையும் பிசைந்தால் இங்கே அப்பா டிராயரைப் பிடித்துக்கொள்வாராம். நிஜத்தில் அவர் சுத்த சைவம், வருடா வருடம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறவர், மகா குருசாமி என்று பேர் வாங்கியவர் என்று எத்தனை பேர் சொல்லியும் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “ஐயப்பன்தான் ஜாக்கிரதையா இருந்துக்கணும்” என்பார். 1982இல் ‘தூறல் நின்னு போச்சு’ வந்தது, அதில் நம்பியார் தங்கமான மனிதர், பாக்யராஜுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுக்கிற குரு. அப்பாவுக்கு அப்போது இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி அக்காவும் பிறந்தாயிற்று. அப்படியும் படம் முழுக்க அம்மாவின் காதில், “பொறு, இடைவேளைக்கு அப்புறம் வேலையைக் காட்டுவான் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். வணக்கம் போடும் வரை நம்பியார் வேலையைக் காட்டவில்லை. அப்பாவுக்கு அது பெரிய ஏமாற்றம்.

அக்காவின் கதை இதைவிட மோசம். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம் நடந்தது, அம்மா நூறு தடவை சொல்லி எனக்கு நேரில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று ‘நூறாவது நாள்’. 1984இல் மணிவண்ணன் எடுத்த படம், சத்யராஜ் மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு வருவார். அது பேய்ப் படமே இல்லை, கொலை மர்மம்தான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் எல்லாம் உண்டா? தூங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மா மடியில் போட்டுக்கொண்டு பார்த்திருக்கிறாள், அக்கா போர்வை ஓட்டை வழியாக முழுப் படத்தையும் முடித்துவிட்டாள்.

அந்த வாரமே அப்பா வேண்டுதலுக்காகப் பழனி போனார். எங்கள் திண்டுக்கல்லிலிருந்து பழனி பக்கம்தான், போய் முடி இறக்கிவிட்டு ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினார். குளிருக்கு அம்மா பின்னிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர். மொட்டை. கண்ணாடி அவர் எப்போதும் போடுவதுதான். கதவைத் திறந்தது அக்கா.

அவள் போட்ட அலறலில் தெருவே விழித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் திருடன் என்று நினைத்து உலக்கையோடு ஓடி வந்தார். தலை முழுக்கச் சந்தனத்தோடும் கையில் பஞ்சாமிர்த டப்பாவோடும், “நான்தாம்மா, அப்பாம்மா” என்று அப்பா கெஞ்ச, “அப்பாவை என்ன பண்ணே?” என்று அக்கா திருப்பிக் கேட்டாளாம். முடி வளரும் வரை மூன்று மாதம் அப்பா வீட்டுக்குள் தலையில் துண்டோடுதான் திரிந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவர் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டதே இல்லை, காவடியோடு சரி.

இதே அக்காவின் மகன் ‘அந்நியன்’ பார்த்துவிட்டு, அதில் ரயில் சாப்பாட்டுக் காண்டிராக்டரைக் கும்பிபாகம் என்று எண்ணெயில் போட்டுப் பொரிப்பார்களே, அதிலிருந்து ரயிலில் வடை விற்பவர் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பயம் தனக்காக இல்லையாம், அவருக்காக. “வடை ஊசிப்போயிருந்தா சொல்லிடுங்க அங்கிள்” என்று ஒருவரிடம் நேரடியாகவே கெஞ்சியிருக்கிறான்.

சரி, என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு கோரக் கண்ணை உருட்டி மிரட்டியபோது அவள், “இந்த அங்கிள் எதுக்குப்பா இவ்ளோ கத்தறாரு, தொண்டை வலிக்காதா?” என்று கேட்டுவிட்டுச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள். கிராஃபிக்ஸ் வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் அவமானம். பரம்பரை வியாதி என்னோடு முடிந்தது என்று மனைவியிடமும் பீற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சிரிக்கலாமே என்று நானே தேடி எடுத்து ‘அவ்வை சண்முகி’ போட்டேன். 1996 படம், மகளைப் பார்க்க முடியாத அப்பா கமல், மாமி வேஷம் போட்டு அந்த வீட்டுக்கே வேலைக்குப் போகிற கதை. இதில் பயப்பட என்ன இருக்கிறது? நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். அவளிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் தலையணைக்குப் பின்னாலிருந்து இரண்டு கண் மட்டும் தெரிகிறது.

“அப்பா, அந்த மாமி உள்ள இன்னொருத்தர் இருக்காரா?”

“ஆமாடா, அது மேக்கப்.”

“அப்போ எல்லா மாமி உள்ளயும் இருப்பாங்களா?”

அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். நான் கிரைண்டரைக் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில் ஒரு மாமி இருக்கிறார். நல்ல உயரம், மூக்குக் கண்ணாடி, கணீரென்று குரல், குழந்தைகள் என்றால் உயிர். திங்கட்கிழமை காலை லிஃப்டில் நாங்களும் அவரும் மட்டும். மாமி வழக்கம் போலக் குனிந்து, “என்னடி கண்ணா, ஸ்கூலுக்குக் கெளம்பிட்டியா?” என்று கன்னத்தைத் தொட்டார். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாமியை மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

“மாமி, நீங்க யாரோட அப்பா?”

லிஃப்ட் இரண்டாவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எங்கள் லிஃப்ட் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் மனைவியோடு போய் முழுக் கதையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். சின்ன வயதில் தனக்கு அந்தக் கால வில்லன் பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பென்றால் அவ்வளவு பயம், ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்றார். அப்புறம், “கொழந்தைய வரச் சொல்லு, நான் பார்த்துக்கறேன்” என்றார்.

தயங்கித் தயங்கி வந்தாள். மாமி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தை நீட்டினார். “இழுத்துப் பாரு.”

மகள் தாடை ஓரத்தைத் தடவினாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்து நன்றாகவே இழுத்தாள், மாமி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு சீடையை வாங்கிக்கொண்டு சமாதானமாகத்தான் கீழே இறங்கினோம்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் என் காதருகில் வந்து சொன்னாள்.

“ரொம்ப நல்லா ஒட்டியிருக்காங்கப்பா.”